இருபத்தாறாவது இலக்கம்

நம் வயதுக்காரர் எல்லாருக்கும் இப்போது ஒரே முறைப்பாடுதான். வங்கிக் கடவுச்சொல் நினைவில் நிற்பதில்லை, மூக்குக்கண்ணாடியை எங்கே கழற்றி வைத்தோம் என்பதும் நினைவில் நிற்பதில்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன். ஆனால் இருபத்தைந்து இலக்கம் கொண்ட ஒரு எண்ணை மட்டும் நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வேன். 3608528850368400786036725. கெட்டித்தனம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சிலருக்குச் சில ஊர்ப் பெயரைக் கேட்டால் முகம் சுருங்கிப்போகும். எனக்கு இந்த எண்.

உங்களில் அரைவாசிப் பேர் என்னைப்போல இத்தாலியில், பலெர்மோவில் பள்ளிக்கூடம் போனவர்கள். முதல் நாள் வகுப்பில் எல்லாத் தலைகளும் நம் பக்கம் திரும்புவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்பா முதலில் வந்தார். தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ அனுமதி கைக்கு வந்த பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். நாங்கள் வந்து இறங்கியபோது நத்தார் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திரும்பவும் தொடங்கியிருந்தது. ஒன்பது வயதில், நாலாம் வகுப்பின் நடுவில், ஒரு சொல் இத்தாலியமும் தெரியாமல் போய் உட்கார்ந்தேன். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருந்த பழைய கட்டடம் அது. சன்னலைத் திறந்தால் அவித்த உருளைக்கிழங்கு வாசமும் மீன் வாசமும் வரும். மூடினால் சுண்ணக்கட்டி வாசமும், ஆசிரியை எப்போதும் சப்பிக்கொண்டிருக்கும் அதிமதுர இனிப்பின் வாசமும்.

ஆசிரியையை நாங்கள் மாயெஸ்த்ரா என்று கூப்பிட்டோம். கட்டையான, உரத்த குரல் கொண்ட பெண். அவருடைய கரும்பலகைக்கு மேலே, சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் மண்ணிறத் தாள் ஒட்டி, அதில் அந்த எண்ணை எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு இலக்கமும் ஒவ்வொரு நிறம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிள்ளையின் படம். இருபத்தைந்து இலக்கம், இருபத்தைந்து பிள்ளை. ஏதோ சஞ்சிகையில் இந்த எண்ணைக் கண்டுவிட்டு, தன் வகுப்புக்கென்றே கடவுள் அனுப்பியது என்று அவர் நம்பிவிட்டார் போலிருக்கிறது.

அந்த எண்ணின் விசேஷத்தை இப்போது சொல்லிவிடுகிறேன், கஷ்டமான கணக்கு இல்லை. முதல் இரண்டு இலக்கத்தை எடுத்தால் முப்பத்தாறு, அது இரண்டால் மிச்சமில்லாமல் வகுபடும். முதல் மூன்று, முந்நூற்று அறுபது, மூன்றால் வகுபடும். முதல் நாலு, மூவாயிரத்து அறுநூற்றெட்டு, நாலால் வகுபடும். இப்படியே ஒவ்வொரு இலக்கமாகச் சேர்த்துக்கொண்டு போனால், ஐந்தால், ஆறால், ஏழால், பதின்மூன்றால், பத்தொன்பதால், கடைசியில் முழு எண்ணும் இருபத்தைந்தால் வகுபடும். எங்கும் ஒரு பொட்டு மிச்சம் வராது. அதோடு சரி. இதைவிட நீளமாக இப்படி ஒரு எண் உலகத்தில் கிடையாது. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் இல்லை.

அந்த வகுப்புக்குள்தான் இருபத்தாறாவது பிள்ளையாக நான் போய் நின்றேன்.

பாஷை விளங்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு நடந்தது என்னவென்று தெரிந்தது. பள்ளிக்கூட வருடக் கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு விழா வைப்பார்கள். அதில் பிள்ளைகள் ஆளுக்கொரு இலக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்த எண்ணாக நிற்கப் போகிறார்கள். எனக்கு இலக்கம் இல்லை. மாயெஸ்த்ரா என்னைச் சேர்க்கப் பாடுபட்டதை நான் மறுக்க மாட்டேன். ஒரு காலை முழுவதும் கரும்பலகையில் நின்று, இருபத்தைந்து இலக்கத்துக்குப் பின்னால் பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றாகப் போட்டு இருபத்தாறால் வகுத்துப் பார்த்தார். பூச்சியம் போட்டால் பன்னிரண்டு மிஞ்சியது. ஒன்று போட்டால் பதின்மூன்று. ஒன்பது போட்டால் இருபத்தொன்று. கணக்குச் சரிவரப் பதினாலு வேண்டும், பதினாலு என்று ஒரு இலக்கம் இல்லையே. கையெல்லாம் வெள்ளையாக அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. முழு வகுப்பும் என்னைப் பார்த்தது. எனக்கு இடம் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அவரோடு கோபித்திருக்கலாம். இங்கே சொன்னது கணக்கு. கணக்கோடு யார் கோபிப்பது? மேசைக்குக் கீழே கையை ஒளித்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. எண்ணை மட்டும் கொண்டுபோய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஊரில் கணிதம் படித்து, சோதனை எடுக்கிற வருடத்தில் சண்டை வந்து எல்லாம் நின்றுபோன ஆள். பலெர்மோவில் வியா மக்வேதா தெருப் பக்கத்துக் கட்டடங்களில் படி கழுவினார். கோடை தொடங்கினால் பின்னேரத்தில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவப் போவார். நான் எண்ணைச் சொன்னதும் நம்பவில்லை. ஞாயிறு மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு, கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வகுக்கத் தொடங்கினார்.

அவர் வகுக்கிறதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. வகுக்கும் எண்ணை இடப்பக்கம் வைத்து, விடையைப் பெரிய எண்ணின் தலைக்கு மேலே எழுதினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுக்கும் எண் வலப்பக்கம் நிற்கும், விடை அதன் கீழே வரும். நான் செய்து காட்டினேன். இது என்ன தலைகீழ்க் கணக்கு என்று அவர் பகிடி பண்ணினார். இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து ஒரே எண்ணை வகுத்தோம். பதினொன்றுக்கும் மிச்சமில்லை. பதின்மூன்றுக்கும் மிச்சமில்லை. அப்பா பென்சிலை வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே வந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. இது ஒரு பேரழகான சாமான் பிள்ளை என்றார். பிறகு, இதில் உன்னுடைய இலக்கம் எது என்று கேட்டார். இன்னும் தரவில்லை என்று சொன்னேன்.

ஈஸ்டர் பாஸ்கு விடுமுறை முடிந்து போனபோது மாயெஸ்த்ரா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெரிய முட்டை வடிவச் சொக்லேற்றுகளைச் சுற்றிவருகிற தங்கத் தாள் இருக்கிறதே, அதை வீடு வீடாகச் சேர்த்து, பழப்பெட்டி மட்டையில் ஒட்டி, என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பூச்சியம் செய்திருந்தார். கிட்டப் போனால் இன்னும் சொக்லேற்று மணத்தது. மற்றவர்களின் இலக்கமெல்லாம் வெறும் சாயம் அடித்தவை. என்னுடையது மட்டும் தங்கம். நான் வரிசையில் நிற்கப் போவதில்லை. மேடையின் மறுபக்கத்தில் தனியாக நிற்பேன். ஒவ்வொரு வகுத்தல் முடிந்ததும் எவ்வளவு மிச்சம் என்று அவர் கேட்பார். நான் பூச்சியத்தைத் தூக்கிக் காட்டுவேன். அது நிஜம் என்று உலகத்துக்குச் சொல்கிறவள் நீதான், நீ இல்லாவிட்டால் இது வெறும் இலக்கக் குப்பை என்று சொல்லி என் தலையைத் தடவினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் வீட்டில் எப்படிச் சொல்வது? வரிசைக்குள்ளும் ஐந்து பூச்சியம் இருந்தது, அவற்றுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது, மதிப்பும் இருந்தது. தனியே நிற்கிற பூச்சியத்துக்கு நம் ஆட்களிடம் ஒரே அர்த்தம்தான். ஊரில் என் பழைய வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டவனின் சிலேற்றில் வாத்தியார் முட்டை கீறி அதற்குக் கண்ணும் மூக்கும் வைப்பார். அதனால் அம்மாவிடம், எனக்குத் தங்க இலக்கம் தந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லைத்தானே. அம்மா அதைப் பலெர்மோவில் இருந்த தமிழ் வீடு அத்தனைக்கும் சொல்லிவிட்டார். தன்னுடைய கூறைச் சேலையில் ஒரு துண்டை வெட்டி எனக்குப் பாவாடை தைத்தார்.

விழா நாளில் தெற்கிலிருந்து சூட்டுக்காற்று வீசியது. உடற்பயிற்சி மண்டபத்தில் பிளாஸ்ரிக் கதிரை போட்டிருந்தார்கள். ரப்பர்ப் பாய் வாசமும் வேர்வையும் அத்தரும் கலந்து மூச்சு முட்டியது. சந்தைக்காரத் தகப்பன்மார் சேட்டு மாற்றி, தலைக்குத் தண்ணீர் போட்டு வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் மொரீசியஸ் அன்ரி, எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த மாமா. மொரீசியஸ் அன்ரி நம்மைவிடப் பல வருடம் முந்தி வந்தவர், இத்தாலியம் தண்ணீர்பட்ட பாடு, தமிழ்தான் நாலைந்து சொல்லுக்குமேல் வராது. அப்பாவின் கதிரை வெறுமையாக இருந்தது. மொண்டெல்லோவில் முதலாளியிடம் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கியிருந்தார், கடற்கரைச் சனத்தில் பஸ் தாமதமாகிவிட்டது. அதனால் மாயெஸ்த்ரா தொடக்கத்தில் நின்று விளக்கம் சொன்னபோது அவர் இல்லை.

முதலில் சனம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையாக முன்னுக்கு வந்தது. மாயெஸ்த்ரா வகுத்துச் சொல்லி, மிச்சம் எவ்வளவு என்று கேட்டார். நான் தூக்கிக் காட்டினேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று போகப் போக மண்டபத்துக்குச் சூடு பிடித்தது. காற்பந்தாட்டத்துக்குக் கத்துகிற மனிதர்கள் அல்லவா. பத்தைத் தாண்டியதும் நான் மட்டையைத் தூக்கும்போது ஒருத்தர் கத்தினார். அடுத்ததுக்கு ஒரு வரிசை கத்தியது. பதினைந்துக்கு வந்தபோது முழு மண்டபமும் எழும்பி நின்று ஒரே குரலில், ஸேரோ! சிரிப்பும் கைதட்டலும். மொரீசியஸ் அன்ரி கதிரையில் ஏறாத குறை. நான் வந்த நாளிலிருந்து என்னை இத்தனை பேர் ஒன்றாகப் பார்த்ததில்லை, யாராவது பார்த்தபோதெல்லாம் நான் நிலத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நிமிர்ந்து நின்றேன். எனக்கு இங்கே ஒரு இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நேரம்தான் அப்பா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நான் கண்டேன். கண்ட சந்தோஷத்தில், மாயெஸ்த்ரா கேட்க முன்னமே, அப்பாவுக்கு நேராக அந்தப் பூச்சியத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

அவருடைய கண்ணால் அதைப் பார்க்க எனக்கு எத்தனையோ வருடம் எடுத்தது. இருபத்தைந்து வெள்ளைப் பிள்ளைகள் ஒரு பக்கத்தில் வரிசையாக நிற்கிறார்கள். மறுபக்கத்தில் தன்னுடைய பிள்ளை, கூறைச்சேலைப் பாவாடையோடு, தனியாக, கையில் சைபரோடு நிற்கிறாள். ஒரு மண்டபம் நிறைந்த சனம் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பூச்சியம் பூச்சியம் என்று கத்துகிறது. மேல்மாடி மாமா அவர் பக்கம் சரிந்து சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும்.

"கண்டீரோ? பிள்ளைக்கு முட்டையைக் குடுத்துக் கூத்தாட விட்டிருக்கினம்."

அப்பா நடுவழியால் மேடைக்கு நடந்து வந்தார். வேலைச் சப்பாத்து, அதில் இன்னும் ஈரம். அன்ரி எழும்பி மறிக்கப் பார்த்தார், அவர் வாயில் தமிழ் வரவில்லை, கையைத்தான் ஆட்டினார். கை தட்டினவளும் இவள்தானே என்கிற மாதிரி அப்பா அவரைப் பார்த்துவிட்டு வந்தார். மேடையில் ஏறி என் கையிலிருந்து மட்டையை வாங்கி நிலத்தில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். தங்கத் தாள் ஒரு ஓரத்தில் கிழிந்தது. சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. மாயெஸ்த்ரா சிஞ்ஞோரே, சிஞ்ஞோரே என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு கிட்ட வந்தார். அப்பா தனக்குத் தெரிந்த இத்தாலியத்தைச் சேர்த்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

"மீயா ஃபீலியா, நோ ஸேரோ."

என் மகள் பூச்சியம் இல்லை. அவ்வளவுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அந்த நடுவழியால் நடந்ததை நான் உங்களுக்கு எப்படிச் சொல்ல? அம்மா முகத்தை முந்தானையால் மூடியிருந்தார். எல்லாரும் எங்களுக்கு வழிவிட்டார்கள், அந்த வழிவிடுதல்தான் பெரிய வெட்கமாக இருந்தது. அப்பாவைப் பற்றி வெட்கப்பட்டேன், எனக்காக வெட்கப்பட்டேன், எங்களைப் பார்த்து வாயைப் பொத்திய அந்தச் சனத்துக்காகவும் வெட்கப்பட்டேன். ஒன்பது வயதில் இத்தனை வெட்கத்தை எங்கே வைப்பது?

வெளிப்படியில் அம்மாவுக்காக நின்றோம். கதவு சாத்துப்படவில்லை. உள்ளே மாயெஸ்த்ரா விட்ட இடத்திலிருந்து கணக்கைத் திரும்பவும் தொடங்கினார். வேறென்ன செய்வார், பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். இருபத்தொன்று. மிச்சம் எவ்வளவு? சத்தமில்லை. இருபத்திரண்டு. மிச்சம் எவ்வளவு? சத்தமில்லை. அப்பாவுக்கு எண்கள் இத்தாலியத்தில் தெரியும். அவர் தலை மெல்ல மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது.

"என்ன கேக்கிறா அவ?"

"எவ்வளவு மிச்சம் எண்டு கேக்கிறா."

"அதுக்கு நீதான் பதில் காட்டினனியோ?"

"ஓம்."

"எல்லாத்துக்குமோ?"

"ஓமப்பா. மற்றவை தங்கட முறைக்கு மட்டும்தான் வாறவை. நான் எல்லாத்துக்கும்."

என் கையைப் பிடித்திருந்த பிடி விட்டுப்போனது. மணிக்கட்டில் அவருடைய விரல் சிவப்பாகப் பதிந்திருந்தது, அதையும் அவர் பார்த்தார். உள்ளே இருபத்துநாலு போய்க்கொண்டிருந்தது. ஓடு பிள்ளை, இன்னும் ஒண்டு இருக்கு, ஓடிப்போய்க் காட்டு என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். நான் அசையவில்லை. எனக்குப் போக ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் திரும்பிப் போனால் எல்லாரும் கதவைப் பார்ப்பார்கள், கதவில் பிழை செய்த மனிதனாக அப்பா நிற்பார் என்று எனக்குத் தோன்றியது. முடிஞ்சுது அப்பா, இனித் தேவையில்லை என்றேன். உள்ளே மாயெஸ்த்ரா இருபத்தைந்து என்று சொன்னது இரண்டு பேருக்கும் கேட்டது. மிச்சம் எவ்வளவு என்று கேட்டதும் கேட்டது. பிறகு மெல்லிய கைதட்டல் வந்தது, பள்ளிக்கூடத்துக்காகத் தட்டுகிற கைதட்டல்.

அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டில நானே வகுத்துப் பாத்த கணக்கு. மிச்சம் வராதெண்டு எனக்குத் தெரியும். மேல்மாடிக்காரர் அப்பிடிச் சொல்லிச் சிரிச்ச உடன எனக்கும் அது முட்டையாத் தெரிஞ்சுது பிள்ளை."

அம்மா வந்தார். மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அன்றைக்கு இரவுக் கறி என்னவென்று யாரும் கேட்கவில்லை. அடுத்த நாள் மாயெஸ்த்ரா என்னைக் கட்டிப்பிடித்தார். தகப்பனாருக்கு முன்கூட்டியே ஆளனுப்பி விளக்கியிருக்க வேண்டும், அது தன்னுடைய பிழை என்றார். அதை அப்பாவிடம் வந்து சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு மொண்டெல்லோ பஸ்ஸுக்குப் போய்விட்டார். கலண்டர் தாள்கள் எங்கே போயின என்று தெரியாது. அந்த எண்ணைப் பற்றி வீட்டில் யாரும் பிறகு கதைத்ததில்லை.

அதன் பிறகு என் படிப்பு விஷயம் எதற்கும் அப்பா உள்ளே வந்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் அம்மாதான் போனார், தான் வேலைக்குப் போன இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டு இஸ்திரியைப் பாதியில் விட்டுவிட்டு. எனக்குப் பட்டம் கிடைத்த நாளில் அப்பா கோட்டுப் போட்டு, பூச்செண்டும் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழக வாசல் வரைக்கும் வந்தார். வாசலில் நின்றுகொண்டார். உள்ளே வாங்கோ அப்பா என்றேன். நீ போட்டு வா பிள்ளை, நான் இஞ்சை நிக்கிறன் என்றார். உள்ளே என்னோடு படித்தவர்களின் தகப்பன்மார் எல்லாரும் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருமுறை கையைப் பிடித்து இழுத்திருந்தால் வந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். நான் இழுக்கவில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது.